தோட்டக்கலைத் துறையின் மாடித்தோட்டக் கிட்: வேலூர் வெயிலுக்கு எவ்வளவு தாங்கும், காசுக்கு எவ்வளவு ஆகும்

காகிதத்தில் இதன் பெயர் மாடித்தோட்டத் தளை. கேட்டு வாங்கும்போது எல்லோரும் சொல்வது கிட். 6 செடிப் பைகள், தலா 2 கிலோ எடையில் 6 தென்னை நார்க்கழிவுக் கட்டிகள், 6 வகைக் காய்கறி விதைப் பொட்டலங்கள், தழைச்சத்து சேர்க்கும் நுண்ணுயிர் உரமான அசோஸ்பைரில்லம் 200 கிராம், மணிச்சத்தைக் கரைத்துத் தரும் பாஸ்போபாக்டீரியா 200 கிராம், வேரழுகலைத் தடுக்கும் பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி 200 கிராம், வேப்பெண்ணெய் மருந்து 100 மில்லி, ஒரு கையேடு. 900 ரூபாய் மதிப்புள்ள இந்தத் தளை 50 சதவீத மானியம் போக 450 ரூபாய்க்குக் கொடுக்கப்பட்டது. மானியமும் இருப்பும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அதனால் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, ஆதார் நகலோடு போவது நல்லது.

450 ரூபாய்க்கு இது நல்ல கொள்முதல். ஆனால் முழுத் தோட்டம் அல்ல, பாதித் தோட்டம். பையும் படுக்கையும் இருக்கின்றன, செடிக்குச் சாப்பாடு இல்லை. வேலூர் மாடிக்குக் கட்டாயம் வேண்டிய நிழலும் இல்லை. இந்த இரண்டையும் சேர்க்காமல் கையேட்டைப் பார்த்து விதை போடுகிறவர்கள் மூன்றாவது வாரத்தில் மஞ்சள் இலையையும், சித்திரையில் காய்ந்த குச்சியையும் பார்ப்பார்கள். பழி வெயில் மேலே விழும். பாதிக் காரணம் பைக்குள்ளேதான் இருக்கிறது.

நார்க்கழிவில்தான் முதல் தவறு

2 கிலோ கட்டி ஒன்றை 8 முதல் 10 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்தால் ஏறக்குறைய 25 லிட்டர் அளவுக்குப் பொங்கும். 12 அங்குல அகலம், 12 அங்குல உயரம் உள்ள வட்டப் பையின் கொள்ளளவு 22 லிட்டர். ஆக, ஒரு கட்டி ஒரு பையை அப்படியே நிரப்பிவிடும். கணக்கு பொருந்துவதால் பலர் வெறும் நார்க்கழிவை மட்டும் நிரப்பி விதை ஊன்றிவிடுகிறார்கள். நார்க்கழிவு தண்ணீரைப் பிடித்து வைக்கும், வேருக்குக் காற்றும் விடும். சத்து என்று சொல்ல அதில் ஒன்றும் கிடையாது. மக்காத நார்க்கழிவில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு 100 பங்குக்கு மேல் கரிமம் இருக்கும். அதை மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய தழைச்சத்தைச் செடியிடமிருந்துதான் பிடுங்கும். மூன்றாவது வாரத்து மஞ்சளுக்குக் காரணம் அதுதான். அது நோய் அல்ல. மருந்து அடித்தால் போகாது.

இரண்டாவது சிக்கல் உப்பு. தென்னை மட்டையை ஊறவைத்த தண்ணீர் உப்பாக இருந்தால் அந்த உப்பு கட்டியிலும் தங்கியிருக்கும். ஊறிய நார்க்கழிவைச் சாக்கில் போட்டுத் தண்ணீர் ஊற்றிப் பிழிய வேண்டும். முதல் தண்ணீர் டிகாஷன் நிறத்தில் வரும். வெளிர் தேநீர் நிறம் வரும்வரை இரண்டு மூன்று முறை அலசினால் போதும். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் தெருக்களில் முதல் இரண்டு அலசலைப் போர் தண்ணீரிலும் கடைசி அலசலைக் காவிரித் தண்ணீரிலோ மழைத் தண்ணீரிலோ செய்யுங்கள்.

பிறகு கலவை. வேலூர் மாடிக்கு ஒத்துவரும் அளவு, பை ஒன்றுக்கு: பிழிந்த நார்க்கழிவு 10 லிட்டர், சலித்த செம்மண் 5 லிட்டர், மண்புழு உரம் 5 லிட்டர் (எடையில் 3 கிலோவை ஒட்டி வரும்), வேப்பம் புண்ணாக்குத் தூள் 100 கிராம். தக்காளிக்கும் கத்தரிக்கும் 20 கிராம் ஜிப்சம் கூட. நார்க்கழிவு சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் ஜிப்சம் இல்லாத பையில் தக்காளியின் அடிப்பக்கம் கறுத்து அழுகும். முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுவது தவறில்லை, ஆனால் அது கரைந்து செடிக்குப் போவதற்குள் அந்தப் பருவமே முடிந்துவிடும்.

இப்படிக் கலந்தால் ஒரு பைக்கு ஒரு கட்டியில் பாதிக்கும் குறைவுதான் செலவாகும். கிட்டில் வரும் 6 கட்டிகள் 12 பைகளுக்குத் தாராளமாகக் காணும். மீதியை வீணாக்காமல் பைகளை மட்டும் தனியே வாங்கிக்கொள்ளலாம். இந்தக் கிட்டில் வெளியே தெரியாத லாபம் இதுதான்.

கலவையைத் தயாரித்த அன்றே விதைக்கக் கூடாது. நிழலில் குவித்து, பிடித்தால் உருண்டை நிற்கிற ஈரத்தில் 10 முதல் 15 நாள் விட்டுவிடுங்கள். டிரைக்கோடெர்மாவை இந்தக் கட்டத்திலேயே 5 கிலோ மண்புழு உரத்தோடு பிசறிக் குவியலில் கலந்துவிடலாம். அசோஸ்பைரில்லமும் பாஸ்போபாக்டீரியாவும் விதைப்புக்கு முதல் நாள், பைக்குத் தலா 30 கிராம், கைப்பிடி எருவோடு சேர்த்து மேல் நான்கு அங்குலத்தில் கிளறிவிட வேண்டும். மூன்றுமே உயிருள்ள பொருட்கள். பொட்டலத்தின் மேல் தயாரித்த தேதியும் காலாவதித் தேதியும் அச்சாகியிருக்கும். மாடிப்படி ஓரத்தில் வெயில் படுகிற இடத்தில் ஒரு மாதம் கிடந்த பொட்டலத்தில் மிஞ்சியிருப்பது வெறும் கரித்தூள்தான்.

மே மாதத்து மாடி

வேலூரில் அக்னி நட்சத்திரத்தின்போது 42, 43 டிகிரியைத் தொடும். அது நிழலில் அளந்த வெப்பம். தட்டோடு ஒட்டிய மாடித் தளத்தின் சூடு அதைவிட மிக அதிகம். பையை நேராகத் தளத்தில் வைத்தால் மேலிருந்து வெயிலும் கீழிருந்து சூடும் சேர்ந்து வேரை அவித்துவிடும். பைக்கு அடியில் இரண்டு செங்கல், அல்லது ஒரு பழைய பலகை. இதனால் வடிகாலும் சரியாகும், தளத்தில் ஈரமும் நிற்காது. பைகளை ஒன்றோடொன்று ஒட்டி நெருக்கமாக வைத்தால் ஒன்றின் நிழல் இன்னொன்றுக்கு விழும். மேற்குப் பார்த்த வரிசைக்குப் பழைய கோணிச் சாக்கைச் சுற்றிக் கட்டலாம்.

பங்குனி பாதியிலிருந்து ஆனி முடியும்வரை 50 சதவீத நிழல்வலை வேண்டும். தளத்திலிருந்து ஏழடி உயரத்தில் கட்டுங்கள். தலையில் இடிக்கிற மாதிரி தாழ்வாகக் கட்டிய வலைக்குள் சூடு தேங்கும். மழைக்காலத்தில் வலையைக் கழற்றி மடித்து வைக்க வேண்டும். ஐப்பசி மேகமூட்டத்தில் வலைக்குக் கீழே நிற்கும் தக்காளி வெளிச்சம் தேடி உயரமாக வளருமே தவிர காய்க்காது.

தண்ணீர் ஊற்றுவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. மேல்புறம் காய்ந்து தெரிந்தாலும் நார்க்கழிவு உள்ளே ஈரமாக இருக்கும். விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள், ஈரம் ஒட்டினால் ஊற்ற வேண்டாம். மாறாக, இரண்டு நாள் வெளியூர் போய் முழுக்கக் காய்ந்துவிட்டால் நார்க்கழிவு தண்ணீரை வாங்காது. ஊற்றியதெல்லாம் ஓரமாக வழிந்து அடியில் ஓடிவிடும். அப்போது பத்து நிமிட இடைவெளியில் மூன்று தடவை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். கோடையில் பை ஒன்றுக்கு நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் பிடிக்கும். அதைக் காலை ஏழு மணிக்கு முன்பும் சாயங்காலமும் பிரித்து ஊற்றுங்கள். கறுப்புத் தொட்டியிலிருந்தும் வெயிலில் கிடக்கும் ஹோஸ் பைப்பிலிருந்தும் மதியம் வருவது கொதிக்கும் தண்ணீர். அது இளஞ்செடியின் வேரை நேராகச் சுட்டுவிடும்.

எதை எப்போது போடுவது

கிட்டில் இருக்கும் ஆறு பொட்டலங்களையும் ஒரே நாளில் பிரிப்பதுதான் பொதுவாக நடக்கும் பிழை. தக்காளிப் பூ பகலில் 35 டிகிரிக்கு மேலும் இரவில் 24 டிகிரிக்கு மேலும் போனால் காயாகப் பிடிக்காமல் உதிரும். மாசியில் நட்ட தக்காளி சித்திரையில் பூத்து, பூத்ததெல்லாம் கொட்டும். உரம் போட்டு அதைச் சரிசெய்ய முடியாது. வேலூரில் தக்காளிக்கு ஆவணி, புரட்டாசியில் விதைப்பதே சரி. கார்த்திகையிலிருந்து மாசி வரை காய்க்கும். வெயிலைத் தாங்குபவை வெண்டை, கொத்தவரை, கத்தரி, தண்டுக்கீரை, முளைக்கீரை. கோடையில் இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கத்தரியில் மட்டும் கிட்டில் வருவதை விட்டுவிட்டு நம் ஊர் விதையைத் தேடலாம். அணைக்கட்டு பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்கு 2023இல் 'வேலூர் முள்ளுக் கத்தரிக்காய்' என்ற பெயரில் புவிசார் குறியீடு கிடைத்தது. காம்பில் முள்ளும், உள்ளே சதைப்பற்றும் உள்ள அந்தக் காயில் செய்யும் எண்ணெய்க் கத்தரிக்காயின் ருசி ஆம்பூர் பிரியாணி சாப்பிடுகிறவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இதற்கு 12 அங்குலப் பை பற்றாது. 15 அங்குலப் பையில் ஒரே செடி. விதைக்கும் நாற்றுக்கும் விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரிக்கலாம்.

விதைப் பொட்டலத்தைப் பிரித்ததும் விதை சிவப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ இருந்தால் பூஞ்சணக் கொல்லி தடவியிருக்கிறார்கள் என்று அர்த்தம். குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள், மீந்த விதையைச் சமையல் அறையில் வைக்காதீர்கள்.

பூச்சிக்கு 100 மில்லி போதுமா

போதும். லிட்டருக்கு 3 மில்லி வீதம் 33 லிட்டர் கரைசல் வரும். ஆறு பைக்கு ஒரு தடவைக்கு ஒரு லிட்டர் தாராளம். பாட்டிலின் மேல் அசாடிராக்டின் (வேம்பிலிருந்து பிரித்த மருந்துச் சத்து) என்று போட்டிருந்தால் லேபிளில் உள்ள அளவைப் பின்பற்றுங்கள். கடையில் வாங்கிய வெறும் வேப்பெண்ணெய் என்றால் 5 மில்லி எண்ணெயை முதலில் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலில் நன்றாகக் கலக்கி, பால் மாதிரி வெளுத்த பிறகே ஒரு லிட்டர் தண்ணீரில் சேர்க்க வேண்டும். எண்ணெய் மேலே மிதந்தால் ஒரு இலைக்கு அதிகமாகவும் இன்னொன்றுக்கு வெறும் தண்ணீராகவும் போய்ச் சேரும். சாயங்காலம் ஐந்தரைக்கு மேல், இலையின் அடிப்பக்கம் நனைய அடியுங்கள். பகல் வெயிலில் அடித்தால் எண்ணெய் பட்ட இடமெல்லாம் கருகும்.

வேப்பெண்ணெயால் ஆகாத காரியங்களும் உண்டு. கத்தரியில் நுனிக் குருத்து தலை தொங்கினால் உள்ளே துளைப்பான் புழு இருக்கிறது. வாடிய இடத்துக்கு ஒரு அங்குலம் கீழே வெட்டி, புழுவோடு சேர்த்து நசுக்கி எறிய வேண்டும். வாரம் இருமுறை இதைச் செய்தால் காய்க்குள் புழு வருவது நன்றாகக் குறையும். வெண்டையில் நரம்பு மஞ்சளாகி வலைபோலத் தெரிந்தால் அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். மருந்து கிடையாது, பிடுங்கிவிட வேண்டியதுதான். மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவிச் செடி உயரத்துக்குத் தொங்கவிட்டால் வெள்ளை ஈ ஒட்டும். ஆறு பைக்கு இரண்டு அட்டை போதும், வாரம் ஒருமுறை துடைத்து மறுபடி தடவுங்கள்.

வீட்டில் விளைந்தால் விஷம் இல்லையா?

இந்தக் கிட்டை வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் சொல்லும் காரணம், மருந்தடிக்காத காய். காரணம் நியாயமானது. மோனோகுரோட்டோபாஸ் என்ற கடும் பூச்சிமருந்தைக் காய்கறிகளுக்கு அடிக்கக் கூடாது என்று மத்திய அரசே தடை போட வேண்டியிருந்த நாடு இது. ஆனால் வீட்டுக் காய் தானாகச் சுத்தமாகிவிடாது. நாம் போடும் மண், ஊற்றும் தண்ணீர், வைக்கும் பாத்திரம் எவ்வளவு சுத்தமோ அவ்வளவுதான் காயும் சுத்தம். வட ஆற்காட்டில் இதைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும்.

பாலாற்றுப் படுகையின் தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில்தான் 1996இல் உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கோட்பாட்டை உறுதிசெய்தது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை சுற்றுவட்டாரத்தில் நிலத்தடி நீரில் உப்பும், சில இடங்களில் குரோமியமும் ஏறியிருப்பது ஊரறிந்தது. தோலைப் பதப்படுத்தப் போடும் உப்பும், பதனிடும் குரோமிய உப்பும்தான் மூலம். ஆகவே செம்மண் வாங்கும்போது எந்த ஊர் மண் என்று கேளுங்கள். தோல் தொழிற்சாலைக் கழிவு ஓடும் ஓடைக்குக் கீழ்ப்பக்கத்து ஏரி வண்டலும் பாலாற்றோர மண்ணும் வேண்டாம். சாலையோரம் வெட்டிய மண்ணும் வேண்டாம். அரசு மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்தால் கார அமிலத் தன்மை, உப்பு, தழை மணி சாம்பல் சத்து, நுண்ணூட்டம் எல்லாம் சொல்வார்கள். அது பயிருக்கான சோதனை. அந்தச் சீட்டில் எல்லாம் சரி என்று இருப்பதால் குரோமியமும் ஈயமும் இல்லை என்று ஆகிவிடாது. சந்தேகம் இருந்தால் செம்மண்ணை அடியோடு விட்டுவிட்டு, நார்க்கழிவும் மண்புழு உரமும் மட்டும் 3:2 விகிதத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

உலோகங்கள் எல்லாக் காயிலும் ஒரே மாதிரி ஏறாது. கீரையிலும் கிழங்கிலும் அதிகம், தக்காளி, கத்தரி, வெண்டை போன்ற காய்களில் குறைவு. உள்ளே ஏறுவதைவிட மேலே ஒட்டும் தூசியே பல நேரம் பெரிய பங்கு. நெடுஞ்சாலையை ஒட்டிய மாடிகளில் கீரையை மூன்று தண்ணீரில் அலச வேண்டும், முள்ளங்கியைத் தோல் சீவ வேண்டும்.

தண்ணீரைப் பார்க்க, கரைந்திருக்கும் உப்பை அளக்கும் ஒரு சிறிய டிடிஎஸ் மீட்டர் போதும். மீட்டர் 450க்குள் காட்டினால் எதற்கும் ஊற்றலாம். 2000க்கு மேல் என்றால் பைத் தோட்டத்துக்கு ஆகாது. நடுவில் இருந்தால் பீன்ஸ் வகையைத் தவிர்த்துவிட்டு, மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரைப் பை வழியாக ஓடவிட்டு உப்பைக் கழுவ வேண்டும். இங்கே ஒரு பழக்கத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆர்ஓ மெஷினின் கழிவுத் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று செடிக்கு ஊற்றுகிறார்கள். எண்ணம் நல்லது. ஆனால் குடிநீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. நிலத்தில் நிற்கும் தென்னைக்கு ஊற்றினால் பெரிதாகத் தெரியாது. 20 லிட்டர் பையில் இரண்டே மாதத்தில் மேல்மண்ணில் வெள்ளை பூத்து இலை ஓரம் கருகிவிடும். அந்தத் தண்ணீர் வீடு துடைக்க, கழிவறைக்கு.

கிட்டுப் பை போதாமல் வீட்டில் கிடக்கும் டப்பாக்களைச் சேர்க்கும்போதும் பார்த்துச் சேர்க்க வேண்டும். பெயிண்ட் வாளி, ஆயில் டின், கெமிக்கல் கேன் எதுவும் காய்கறிக்கு ஆகாது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் போகக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமல் பெயிண்ட் உரியும் கைப்பிடிச் சுவர், கிரில் பக்கத்தில் கீரைப் பையை வைக்காதீர்கள். வீட்டைச் சுற்றிக் கரையான் மருந்து விட்டிருந்தால் அந்தச் சுவரோரத் தரையில் காய்கறியே வேண்டாம்.

இனி எரு. பச்சைச் சாணத்தில் வயிற்றைக் கெடுக்கும் கிருமிகள் உண்டு. நன்றாக மக்கி, மண்வாசனை வரும் எருவைத்தான் போட வேண்டும். சாணமும் கோமியமும் சேர்த்துத் தயாரிக்கும் பஞ்சகவ்யாவையும் ஜீவாமிர்தத்தையும் மண்ணில் ஊற்றுங்கள், இரண்டொரு நாளில் பறிக்கப் போகும் கீரையின் மேல் தெளிக்காதீர்கள். பச்சையாகச் சாப்பிடும் கொத்தமல்லி, புதினாவுக்கு இது இன்னும் முக்கியம். பைக்கு அடியில் தட்டு வைத்திருந்தால் வாரம் ஒருமுறையாவது தண்ணீரைக் கவிழ்த்துத் தேய்த்துவிடுங்கள். டெங்குக் கொசுவுக்கு அந்த அரை அங்குலத் தண்ணீர் தாராளம்.

சொந்தமாக எடுத்த சுரை விதையில் காட்டுச் சுரையின் மகரந்தம் கலந்திருந்தால் காய் கசக்கும். கசக்கும் சுரைக்காயை எண்ணெய் ஊற்றி வதக்கிச் சமாளிக்கக் கூடாது. அந்தக் கசப்பே நஞ்சு. சமைப்பதற்கு முன் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்து, கசந்தால் துப்பிவிட்டு முழுக்காயையும் எறிந்துவிடுங்கள்.

மாடி தாங்குமா

மேலே சொன்ன கலவையில் நனைந்த பை ஒன்று 20 கிலோ வரும். சதுர மீட்டருக்கு நான்கு பை என்றால் 80 கிலோ. ஆட்கள் ஏறிப் புழங்கும் கான்கிரீட் மாடிக்கு இந்தியத் தரக் குறியீடு எடுத்துக்கொள்ளும் சுமை சதுர மீட்டருக்கு 150 கிலோவை ஒட்டியது. ஆகப் பிரச்சினை இல்லை. அதே பையில் வெறும் மண்ணை நிரப்பினால் 35 கிலோ, நான்கு பை 140 கிலோ. விளிம்பில் நிற்கிறது. அதனால்தான் மாடியில் நார்க்கழிவு. பைகளைத் தளத்தின் நடுவில் வைக்காமல் சுவருக்கு மேலே, உத்திரத்துக்கு மேலே வரிசையாக வையுங்கள்.

வேலூரின் பழைய தெருக்களில் இன்னும் மரச்சட்டத்தின் மேல் செங்கலைக் குத்தவைத்துச் சுண்ணாம்பு பூசிய மெட்ராஸ் டெரஸ் வீடுகள் இருக்கின்றன. அந்த மாடிகளில் இந்தக் கிட்டை வைக்கவே வேண்டாம். எடையைவிட ஈரம்தான் ஆபத்து. சட்டம் உளுத்துப்போவது கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது. அந்த வீட்டுக்காரர்கள் வாசல் திண்ணை ஓரத்தில் ஆறு பையையும் வைத்துக் கீரை போடலாம்.

காசுக் கணக்கு

வேலூர் பக்கத்துச் சில்லறை விலையில் தோராயமாக: கிட் 450, மண்புழு உரம் 18 கிலோ 270, வேப்பம் புண்ணாக்கு 2 கிலோ 100, நிழல்வலை 12 சதுர மீட்டர் 480, கயிறு, கம்பி, செம்மண் 150. மொத்தம் 1,450 ரூபாய். இரண்டாம் ஆண்டு உரம், விதை, புண்ணாக்குக்கு 500.

வரவு, நன்றாகப் பார்த்துக்கொண்டால்: மூன்று பையில் கீரை, மாதம் பைக்கு 400 கிராம் வீதம் 1.2 கிலோ, அதாவது 5 கட்டு. கட்டு 15 ரூபாய் என்றால் மாதம் 75, பத்து மாதத்துக்கு 750. ஒரு பையில் மிளகாய் 1 கிலோ 60, இன்னொரு பையில் கத்தரி இரண்டரைக் கிலோ 100. கடைசிப் பையில் மழைக்காலத்தில் தக்காளி 2 கிலோ 60, கோடையில் வெண்டை 1 கிலோ 40. மொத்தம் ஆண்டுக்கு 1,010. ஆக முதல் ஆண்டு 440 ரூபாய் கைநஷ்டம், இரண்டாம் ஆண்டு முடிவில் சரிக்குச் சரி. அதன் பிறகுதான் லாபம். மெல்லிய பையாக இருந்தால் அந்த நேரம் பார்த்து வெயிலில் இற்றுப்போய் விளிம்பு பொடியாக உதிரத் தொடங்கும். தூக்கி நகர்த்தாமல் வைத்த இடத்திலேயே விட்டால் இன்னொரு பருவம் ஓட்டலாம்.

இதே ஆறு பையிலும் தக்காளி போட்டால் 12 கிலோ, 30 ரூபாய் விலையில் 360. 2023 ஜூலை மாதிரி கிலோ 100 ரூபாயைத் தாண்டும் காலம் வந்தால் கணக்கு மாறும். ஆனால் ஆனி, ஆடியில் வேலூர் மாடியில் தக்காளி இருக்காது என்பதுதான் நிஜம். மதனப்பள்ளியிலிருந்தும் கோலாரிலிருந்தும் லாரியில் வரும் தக்காளியோடு ஆறு பை போட்டி போட முடியாது. கீரை அப்படி இல்லை. சந்தைக் கூடையில் வெயில் பட்டு மதியத்துக்குள் வாடிப்போவது கீரைதான், பறித்த நேரத்திலிருந்து வைட்டமின் சி வேகமாகக் குறைவதும் அதில்தான். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மாடிக்குப் போய்ப் பறித்து வந்த கீரைக்குச் சந்தையில் ஈடு கிடையாது. அதனால் சந்தேகமே இல்லாமல் பாதிப் பைகளைக் கீரைக்கு ஒதுக்குங்கள். 25ஆம் நாள் வேரோடு பிடுங்காமல் இரண்டு கணு விட்டு வெட்டினால் அரைக்கீரை மறுபடி மறுபடி துளிர்க்கும்.

ஒரு விஷயத்தைத் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒருவருக்கு நாளைக்குக் கீரையும் சேர்த்து 400 கிராம் காய்கறி சொல்கிறது. நால்வர் குடும்பத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல். ஆறு பை ஒரு ஆண்டில் தருவது பதினெட்டரைக் கிலோ, பன்னிரண்டு நாளுக்கு மட்டுமே. மீதி நாளெல்லாம் உழவர் சந்தைதான். ஆகவே மாடியில் செடி இருக்கிறது என்று கடைக் காயைக் கழுவும் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். வெளிக்காயை ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு, மறுபடி ஒருமுறை அலசுங்கள். முட்டைக்கோசின் வெளி இலை இரண்டை உரித்துவிடுங்கள்.

யார் வாங்கலாம்

கான்கிரீட் மாடியும், காலை மாலை பத்து பத்து நிமிடமும் இருக்கிற வீட்டுக்கு இந்த விலையில் இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. இதே பொருட்களைத் தனித்தனியாகக் கடையில் வாங்கினால் 450க்கு முடியாது. மானியம் இல்லாமல் 900 கொடுக்க வேண்டியிருந்தால் என் யோசனை வேறு: நான்கு 15 அங்குலத் தடிமனான பை, ஒரு 5 கிலோ நார்க்கழிவுக் கட்டி, மண்புழு உரம், அரைக்கீரை, மிளகாய் விதை. முதல் ஆண்டுக்கு அது போதும். மாதத்தில் பாதி நாள் வீட்டில் ஆள் இல்லாதவர்கள், மேற்கு வெயில் மட்டும் அடிக்கும் பால்கனி உள்ளவர்கள் வாங்க வேண்டாம்.

சித்திரையில் கிட் கிடைத்தால் வாங்கி வையுங்கள், விதைக்காதீர்கள். ஆடி வரை நார்க்கழிவை அலசி, எருவோடு கலந்து நிழலில் மக்கவிடுங்கள். விதைப் பொட்டலங்களை இறுக்கமான டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்கலாம். உயிர் உரங்கள் மூன்றையும் மட்டும் வாங்கும் இடத்திலேயே திருப்பிப் பாருங்கள். ஆடிக்கு முன் காலாவதி ஆகிற பொட்டலம் என்றால் அங்கேயே மாற்றிக் கேளுங்கள்.